ஸ்மிர்னாவின் அகதி வரைந்த கார்: திருமலை வெயிலில் இன்னும் ஓடும் மொறிஸ் மைனரின் கதை

1922ஆம் ஆண்டு செப்ரெம்பர். ஏஜியன் கடலோரத் துறைமுக நகரமான ஸ்மிர்னாவில், இன்று துருக்கியின் இஸ்மிர் என அழைக்கப்படும் இடத்தில், ஆயிரக்கணக்கான மக்கள் கடற்கரையில் குவிந்து நின்றார்கள். கிரேக்கப் படை பின்வாங்கிவிட்டது. துருக்கியப் படை நகருக்குள் நுழைந்தது. சில நாட்களில் நகரத்தின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. அந்த நாட்களில் பிரித்தானியக் கடற்படை தன் நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களைக் கப்பல்களில் ஏற்றி மால்ரா தீவுக்குக் கொண்டு சென்றது. ஏற்றப்பட்டவர்களில் 15 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். வீடு, தகப்பனின் தொழிற்சாலை, பிறந்த ஊர் எல்லாம் ஒரே மாதத்தில் இல்லாமல் போயின.

அந்தச் சிறுவனின் பெயர் அலெக் இசிகோனிஸ். பெயரைக் கேட்டால் திருகோணமலையில் பலருக்கும் தெரியாது. அவர் வரைந்த காரைக் காட்டினால் தெரியாதவர் குறைவு. உட்துறைமுக வீதியிலும் உப்புவெளிப் பக்கமும் இன்றும் இடைக்கிடை தென்படும் மொறிஸ் மைனர் அவருடையது. கொழும்பிலும் கண்டியிலும் ஓடும் பழைய மினியும் அவருடையதே.

இந்தக் கார்களுக்குக் குளிரூட்டி பொருத்தலாமா, எஞ்சின் சூடேறாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்யலாம் என்ற கேள்வி இப்போது கராஜ்களில் அடிக்கடி எழுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் வீட்டில் நின்ற பழைய கார் மீண்டும் பெறுமதியானது. அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அந்த அகதிச் சிறுவனின் வாழ்க்கைக்குள் இருக்கிறது.

கணக்கில் தோற்றவர்

இசிகோனிஸ் 1906 நவம்பர் 18ஆம் திகதி ஸ்மிர்னாவில் பிறந்தார். தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் கிரேக்க வம்சத்தவர், பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். கப்பல் எஞ்சின் சார்ந்த பொறியியல் தொழில் அவருடையது. தாய் ஹுல்டா, அந்நகரில் பியர் வடிசாலை நடத்திய ஜேர்மானியக் குடும்பத்தின் மகள். தொழிற்சாலையின் வரைபட மேசைகளைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைக்கு இயந்திரங்கள் மீதான பிடிப்பு அங்கேயே வந்தது.

மால்ராவை அடைந்த சிறிது காலத்தில் தகப்பன் இறந்துபோனார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். புதிய நாட்டில் ஒருவருக்கு மற்றவர்தான் துணை. அந்த இருவர் வாழ்க்கை தாய் இறக்கும் வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அப்படியே தொடர்ந்தது. இசிகோனிஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை.

லண்டனில் பற்றர்சி பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதப் பரீட்சையில் மூன்று தடவை சித்தியடையவில்லை. பிற்காலத்தில் தூய கணிதத்தைக் கற்பனைக்கு எதிரியாகவே அவர் பேசிவந்தார். அவருடைய பலம் கண்ணிலும் கையிலும் இருந்தது. ஒரு யோசனை வந்தால் கிடைத்த தாளில் கோடு இழுத்துவிடுவார். அந்தக் கோட்டுப்படங்களில் இருந்தே அளவெடுத்துப் பாகங்களைச் செய்ய முடிந்தது.

1934இல் கொவென்றி நகரில் ஹம்பர் நிறுவனத்தில் வரைபடக்காரர். 1936இல் ஒக்ஸ்போர்டுக்கு அருகே கௌலியில் இருந்த மொறிஸ் தொழிற்சாலை. அதே காலத்தில் நண்பர் ஜோர்ஜ் டௌசனுடன் சேர்ந்து ஓய்வு நேரங்களில் பந்தயக் கார் ஒன்றைக் கையாலேயே செய்தார். பல ஆண்டுகள் பிடித்த வேலை அது. எடை குறைந்த உடல், ஒவ்வொரு சக்கரமும் தனித்து இயங்கும் அமைப்பு, தேவையற்ற ஒரு ஆணிகூட இல்லாத கட்டு என்று பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஒத்திகை.

பொருத்தப்படாத எஞ்சின்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. பிரித்தானியத் தொழிற்சாலைகள் படைகளுக்கான உற்பத்தியில் மூழ்கியிருந்தன. அந்த ஆண்டுகளிலேயே மொறிஸ் நிறுவனத்தின் ஒரு மூலையில், போருக்குப் பின் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய சிறிய கார் ஒன்றை இசிகோனிஸ் வரையத் தொடங்கினார். நிறுவனத்தின் துணைத் தலைவர் மைல்ஸ் தோமஸ் அவருக்கு இடம் கொடுத்தார். திட்டத்தின் மறைபெயர் மொஸ்கிற்றோ, அதாவது நுளம்பு.

சிறிய காரென்றால் பெரிய காரைச் சுருக்கிச் செய்த, குலுங்கி ஓடும் மலிவுப் பொருள் என்பது அப்போதைய வழக்கம். இசிகோனிஸ் அதை ஏற்கவில்லை. முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கின. ஸ்ரியரிங் துல்லியமாகத் திரும்பியது. எஞ்சின் முன்னே தள்ளி வைக்கப்பட்டதால் உள்ளே இருப்பவர்களுக்கு இடம் கூடியது.

1947இன் பிற்பகுதியில் எல்லாம் தயார். ஆனால் காரைப் பார்க்கும்போதெல்லாம் அது ஒடுங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். பம்பர்கள் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்ததால் அவற்றை நடுவில் வெட்டித் துண்டு வைக்க வேண்டியதாயிற்று. மைனரின் பொனற் நடுவே ஓடும் தட்டையான மேட்டுப் பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். இன்று திருமலையில் நிற்கும் எந்த மைனரிலும் அதைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

அவர் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் தட்டையான நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை மனதில் வைத்தே அவர் முன்பகுதியை அகலமாக வரைந்தார். செலவு கூடும் என்று நிறுவனம் அதைக் கைவிட்டது. பதிலாகப் போருக்கு முந்திய 918 சிசி எஞ்சினே வைக்கப்பட்டது. நிறுவன அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்குக் காரின் உருவமே பிடிக்கவில்லை. நீரில் வேகவைத்த முட்டைபோல் இருக்கிறது என்று பழித்தார்.

1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமானது. அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் இலங்கை சுதந்திரம் பெற்றிருந்தது. 1960 முடிவதற்குள் உற்பத்தி 10 இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையை எட்டியது அதுவே முதல் தடவை. மொத்தமாக ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன.

குளிர்நாட்டுக் காரும் கச்சான் காற்றும்

மைனர் இலங்கைக்குக் கப்பலில் வந்தது. ஆசிரியர்கள், வைத்தியர்கள், அரசாங்க எழுதுவினைஞர்கள் வாங்கினார்கள். மிகப் பழையவற்றின் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராக 1958இல் தமிழர்கள் நடத்திய போராட்டத்துக்கு முன்னரே தெருவில் இறங்கிய கார்கள் அவை.

தொடக்ககால மைனரில் தண்ணீர்ப் பம்பு இல்லை. எஞ்சினில் சூடான நீர் தானாக மேலெழும்பி ரேடியேற்றரின் மேற்பகுதிக்குப் போகும். அங்கே ஆறி, கனம் கூடி, கீழிறங்கி மீண்டும் எஞ்சினுக்கு வரும். பம்பு இல்லாவிட்டால் பழுதாகப் பம்பும் இல்லை. ஒக்ஸ்போர்ட்டின் குளிருக்கு அது போதும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று வறட்டி எடுக்கும் கிழக்குக் கரையில், மெதுவாக ஊர்ந்து போகும்போது அது திணறும். அதோடு அந்த எஞ்சினின் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தன. எரிந்த புகை எஞ்சின் உடலுக்குள்ளால் வெளியேறியதால் தண்ணீருக்குப் போகும் வெப்பமும் அதிகம். பம்பு பின்னரே வந்தது. 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒன்றிணைந்தபின் ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. 1956இல் 948 சிசி. 1962இல் 1098 சிசி.

காருக்குள் இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி தந்தது முன்கதவின் முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பி வைத்தால் ஓடும்போது காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காலத்து ஏசி அதுதான்.

இறுக்கி அடைத்த மினி

1956இல் சுயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு. நிறுவனத் தலைவர் லியோனார்ட் லோர்ட், 1957இல் மிகக் குறைந்த எரிபொருளில் ஓடும் கார் ஒன்றை அவசரமாகக் கேட்டார். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியா இலங்கையிடம் கையளித்ததும் அதே 1957இல்தான்.

இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பொக்சை அதன் அடியில், எஞ்சின் ஒயில் இருக்கும் பாத்திரத்துக்குள்ளேயே வைத்தார். முன் சக்கரங்களை இழுக்கச் செய்தார். 10 அடி நீளக் காரில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. 1959 ஓகஸ்ட் 26ஆம் திகதி மினி வெளிவந்தது. இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த இறுக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. ரேடியேற்றருக்கு முன்னால் இடமில்லை. அது பக்கவாட்டில் போனது. விசிறி சூடான காற்றைச் சக்கரக் குழிக்குள் தள்ளியது. ஓடும்போது எதிர்க்காற்று நேராக அதில் படாது. சூடான நாடுகளின் நெரிசலில் மினி கொதிப்பதற்கு இதுவே முக்கிய காரணம். ரேடியேற்றர் முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது 1996இல். இசிகோனிஸ் இறந்து அப்போது எட்டு ஆண்டுகள்.

சொகுசு குறித்து அவர் பிடிவாதமானவர். காரில் வானொலி வைப்பதை விரும்பவில்லை. இருக்கை அதிகம் சுகமாக இருந்தால் ஓட்டுநரின் விழிப்புக் குறையும் என்று நம்பினார். வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டுக் கார் செய்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பிடிவாதம் மினியைத் தந்தது. பின்னால் வந்த சில பெரிய கார்கள் எதிர்பார்த்தபடி விற்காமல் போனதற்கும் அந்தப் பிடிவாதத்தில் பங்கு உண்டு.

சூடு தேவைப்பட்ட காலம்

எங்கள் போர்க்காலத்தில் இந்தக் கார்களிடம் கேட்கப்பட்டதை எந்தப் பொறியியலாளரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். 1990க்குப் பின் வடக்கில் பெற்றோலுக்குத் தடை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகையைக் கக்கியபடி அந்தக் கார்கள் நோயாளர்களையும் கர்ப்பிணிகளையும் இடம்பெயர்ந்தவர்களின் மூட்டைகளையும் சுமந்தன.

அது முடிந்ததற்கும் காரணம் உண்டு. பழைய எஞ்சின்கள் கலவையைக் குறைவாகவே அழுத்தும். தரம் குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய உழவு இயந்திரங்களில் ரேடியேற்றரை மறைக்கத் திரையே இருந்தது. அன்று சூடு வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததால் எஞ்சின்கள் உள்ளே தேய்ந்தும் போயின.

திருகோணமலையில் 1983இலும் 1990இலும் வீடுகளை விட்டு ஓடியவர்களுக்குக் காரை எடுத்துச் செல்வது பெரும்பாலும் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. தப்பிய கார்களுக்கு ஆகவே வீட்டுக்குள் ஒரு தனி இடம் உண்டு. பலருக்கு அது தகப்பனோ பேரனோ விட்டுச்சென்றவற்றில் எஞ்சிய ஒரே பெரிய பொருள்.

வெறுமையாக விடப்பட்ட இடம்

அப்படியொரு காரை இன்றைய வெயிலுக்கு ஏற்றபடி மாற்ற விரும்புபவர் வேலையின் ஒழுங்கை மாற்றிவிடக்கூடாது. முதலில் எஞ்சினின் குளிர்ச்சி, பிறகு மின்சாரம், கடைசியில்தான் ஏசி.

ஏசி பொருத்தினால் அதன் கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும். காருக்குள் இருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே விடும். அந்தச் சூடான காற்றுத்தான் பிறகு ரேடியேற்றருக்குப் போகும். கொம்பிரசர் எஞ்சினிடம் இருந்து சில குதிரைவலுவையும் பறிக்கும். 948 சிசி எஞ்சினின் மொத்த வலுவே 37தான். ஏற்கெனவே கொதிக்கும் காருக்கு ஏசி பூட்டினால் கந்தளாய் தாண்டுவதே கேள்விக்குறி.

ஆகவே எஞ்சினின் நீர்வழிகளைக் கழுவ வேண்டும். கரையோரக் கிணற்றின் உவர்நீரைப் பல ஆண்டுகள் ஊற்றியிருந்தால் உள்ளே துருவும் சுண்ணப்படிவும் கட்டியிருக்கும். ரேடியேற்றரின் உள்வலையைக் கூடுதல் வரிசைக் குழாய்கள் உள்ளதாக மாற்றலாம். வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ற் கலவை ஊற்றினால் துரு குறையும், கொதிநிலை கூடும். ரேடியேற்றர் தாங்கும் அழுத்தத்துக்குப் பொருத்தமான மூடி வேண்டும். சூடு கூடும்போது தானாக ஓடும் மின்விசிறி, கார் நிற்கும்போதும் காற்றை இழுக்கும். தீப்பொறியின் நேரம் பிந்தியிருந்தாலும் காபரேற்றர் பெற்றோலைக் குறைவாக விட்டாலும் எஞ்சின் சூடேறும். புதிய பாகம் வாங்கமுன் அவற்றைச் சரிபார்ப்பது செலவில்லாத வேலை.

அடுத்தது மின்சாரம். மைனரின் டைனமோ தருவது சுமார் 20 அம்பியர். மின்விசிறியும் ஏசியும் முகப்பு விளக்கும் ஒன்றாக ஓட அது காணாது, ஒல்ரனேற்றர் தேவை. மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றாமல் ஒல்ரனேற்றரைப் பூட்டினால் அது எரிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் சிறிய யப்பான் கார் ஒன்றின் கொம்பிரசர் போதும். குளிர்காற்றுத் தரும் பெட்டியை டாஷ்போர்ட்டின் கீழுள்ள தட்டில் வைக்கலாம். கூரைக்கு உள்ளேயும் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலான தகட்டிலும் வெப்பத்தடுப்பு ஒட்டி, கதவு ரப்பர்களை மாற்றினால் சிறிய ஏசிக்கே வேலை பாதியாகும். பழைய பாகங்களைக் கழற்றினால் எறியாமல் சுற்றி வைப்பது நல்லது. பின்னொரு நாள் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை தேவைப்படும்.

மைனரின் பொனற்றைத் திறக்கும் எவரும் உடனே கவனிப்பது எஞ்சினின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை. கைவிடப்பட்ட அந்தத் தட்டையான எஞ்சினுக்காக விடப்பட்ட இடம் அது. 1940களில் நிறுவனம் மறுத்ததால் காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் இன்று கொம்பிரசரும் ஒல்ரனேற்றரும் உட்காருகின்றன. மெக்கானிக்கின் கையும் தாராளமாகப் போய்வருகிறது. மினியில் அந்த வாய்ப்புக் குறைவு. ஒவ்வொரு அங்குலத்தையும் பயன்படுத்தி முடித்துவிட்ட அந்தக் காரில் ஏசி பூட்டுவது இன்றும் கடினமான வேலை.

கடைசி ஆண்டுகள்

இசிகோனிஸ் 1967இல் றோயல் சொசைற்றியின் உறுப்பினரானார். 1969இல் சேர் பட்டம் பெற்றார். கணிதத்தில் மூன்று முறை தோற்றவர், பிரித்தானியாவின் முதன்மை விஞ்ஞானச் சபைக்குள் போனார். 1971இல் ஓய்வு. அடுத்த ஆண்டு தாய் ஹுல்டா இறந்தார். ஸ்மிர்னாவை நினைவில் வைத்திருந்த இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவரும் 1988 ஒக்ரோபர் 2ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரின் எட்ஜ்பாஸ்ரனில் 81 வயதில் காலமானார்.

அப்போது வடக்கு கிழக்கில் இந்தியப் படை நிலைகொண்டிருந்தது. இசிகோனிசின் மரணம் எங்கள் தெருக்களில் செய்தியாக இருந்திருக்காது. ஆனால் அவருடைய கார்கள் அதே தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்க் காலம் அவற்றுக்கு இனித்தான் வர இருந்தது.

அகலமான பொனற், எளிய எஞ்சின், சாதாரணச் சாவிகளால் கழற்றக்கூடிய பாகங்கள். துறைமுகப் பக்கத்தில் ஒரு மைனர் பொனற் திறந்து நின்றால் எட்டிப் பாருங்கள். ரேடியேற்றருக்குப் பக்கத்தில் தெரியும் அந்த வெற்றிடம், வரைந்தவர் கேட்டும் கிடைக்காத எஞ்சினுக்கானது.